பெயர் ஒட்டாத ஸ்லைடு

"அந்தப் பொண்ணுகிட்ட நான் என்னதான் சொல்லட்டும் மேடம்?"

கேட்டவர் இன்னாசிமுத்து. மெஹருன்னிசா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்தப் பொண்ணு?"

"செவ்வந்தி. வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கா. அவ வயித்துப் பிள்ளையோட ரிசல்ட் வந்திருச்சு."

இன்னாசிமுத்துவுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. ஊர் ஊராகப் பிரசவ டாக்டராக வேலை பார்த்துவிட்டு, பிறக்காத பிள்ளைகளின் குரோமோசோமைப் படிக்க இந்த ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தவர். பாடம் சொல்லித் தரும் மெஹருன்னிசாவோ அவரைவிட இளையவர். கேன்டீனில் இதைச் சொல்லி அவரைச் சீண்டாத ஆள் இல்லை. அவர் கண்டுகொள்வதில்லை.

"குரோமோசோம் நாப்பத்தாறும் ஜோடி ஜோடியா ஒழுங்கா இருக்கு மேடம். அதுக்கு மேல பொடிசா ஒரு துண்டு. எதுல இருந்து வந்த துண்டுன்னு எந்த டெஸ்ட்லயும் பிடிபடலை. தாய் தகப்பன் ரத்தத்துல அது இல்லை. ஸ்கேன்லயும் ஒரு குறை தெரியலை. வச்சுக்கவா, கலைச்சிடவான்னு கேக்குறா. நாளைத் தள்ளிப்போடவும் முடியாது. பிள்ளை நல்லா இருக்குமா, இருக்காதா? நீங்கதான் சொல்லணும்."

மெஹருன்னிசா எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒரு ஸ்லைடை எடுத்து நீட்டினார். அதில் பெயர் ஒட்டியிருக்கவில்லை.

"இதைப் பாத்துச் சொல்லுங்க."

இருக்கிற தலைவலியில் இது வேறா என்று அவருக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் உட்கார்ந்தார். ஒவ்வொரு செல்லாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"இதுலயும் அதே மாதிரி ஒரு துண்டு இருக்கு மேடம்."

"பிறந்தா எப்படி இருக்கும்?"

"கஷ்டம்தான். பேச்சு வர லேட்டாகும். படிப்பு ஏறாது. ஆயுசுக்கும் கூடவே ஒரு ஆள் வேணும்."

"அவ்வளவு நிச்சயமா?"

இன்னாசிமுத்து மழுப்பினார்.

"நிச்சயம்னு இல்லை. கெட்டதைச் சொல்லி வச்சுட்டா, நாளைக்கு நம்ம மேல பழி வராது பாருங்க. யாரோடது இது?"

"என்னோடது."

இன்னாசிமுத்து சட்டென்று மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"சேர்ந்த புதுசுல எல்லாரும் அவங்கவங்க ரத்தத்தை எடுத்துத்தானே பழகுறோம்? நார்மல் எப்படி இருக்கும்னு பாக்க. நீங்களும் எடுத்தீங்கள்ல?"

எடுத்திருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஆய்வகத்துக்கே பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். மெஹருன்னிசாவும் ஒன்று எடுத்துச் சாப்பிட்டார்.

"வேற யாருக்குத் தெரியும் மேடம்?"

"நீங்கதான் முதல் ஆள்."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, இப்ப நீங்க சொன்னதைத்தான் அவங்களும் சொல்லுவாங்க."

தினமும் எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிற மனுஷி. இத்தனை வருஷம் இதை ஒண்டியாகச் சுமந்திருக்கிறார்.

ஆனாலும் அடுத்த நிமிடமே இன்னாசிமுத்துவுக்குள் ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது.

"அப்ப, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க! அது ஒண்ணும் செய்யாதுன்னு அவகிட்ட சொல்லிடலாம்ல?"

மெஹருன்னிசா ஸ்லைடைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"எனக்குக் கணக்குன்னா உயிர். நாலு பேர் கூடுற இடத்துல நிக்க வராது. வயித்துல ஒரு பிள்ளையும் தங்கலை. இதுல எது அந்தத் துண்டு செஞ்சது, எது தானா நடந்தது? நானும் தேடிக்கிட்டேதான் இருக்கேன், சார். தெரியலை."

சொல்லிவிட்டு, மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டார்.

இன்னாசிமுத்து வெளியே வந்தார். செவ்வந்தி பெஞ்சின் ஓரத்தில் தனியாக இருந்தாள். டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வந்த கணவன், லீவு இல்லையென்று அன்றைக்கே சூரத்துக்கு ரயிலேறிவிட்டான். மற்றவர்களுக்கெல்லாம் இன்னாசிமுத்து நின்றபடியே ரிசல்டைச் சொல்லிவிட்டு, அவர்கள் அழத் தொடங்குமுன் உள்ளே போய்விடுவார். இன்று அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லதா கெட்டதா டாக்டர்? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க."

துண்டைப் பற்றி, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

"அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியலைம்மா. யாருக்குமே தெரியாது."

அவர் எழுந்திருக்கப் போகிறார் என்று செவ்வந்தி நினைத்தாளோ என்னவோ, சட்டென்று அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிடாதீங்க டாக்டர். கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்திருங்க."