பூசணிப் பூவின் அடிப்பக்கம்

"எனக்கு வரைய வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க, சாமி."

பஸ்ஸை விட்டிறங்கி, முழங்காலளவு ஓடிய ஆற்றைக் கடந்து, மூச்சு வாங்க வந்து நின்றதும் லோகநாயகி கேட்டது இதைத்தான்.

ஆவுடைச் சாமி குடிசை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயது நாற்பதைத் தொட்டிருக்காது. லோகநாயகியிடம் படித்த பிள்ளைகளில் பலர் அவரைவிட மூத்தவர்கள்.

மலையடிவாரத்தில் தனியாக இருக்கும் அந்தத் துறவி பூக்களை வரைவார் என்று தென்காசிப் பக்கம் பேச்சு. தேடி வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பாராம். அதுவும் மனசு வந்தால்.

"என்ன வேலை பாத்தீங்க?" என்றார் சாமி.

"கணக்கு டீச்சர். கடைசியில ஹெட்மிஸ்ட்ரஸ். இப்ப ரிட்டையர் ஆயாச்சு."

"உக்காருங்க, டீச்சர்."

அன்றிலிருந்து குரு சிஷ்யையை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

லோகநாயகி தன் குறையைக் கொட்டினாள். ஓய்வு பெற்றதும் ஆசையாகக் கலர் பென்சில் பெட்டி வாங்கினாள். வீட்டுத் தொட்டியில் பூத்ததையெல்லாம் வரைந்தாள். எதைக் காட்டினாலும் வீட்டில் "அழகா இருக்கு" என்பார்கள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே. தங்கை ஒரு படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினாள். விருந்துக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "முட்டைக்கோஸ் ரொம்பத் தத்ரூபமா வந்திருக்கு" என்றார்.

அது அடுக்குச் செம்பருத்தி.

"வராதுன்னா வராதுன்னு சொல்லிடுங்க, சாமி. பெட்டியை யாருக்காவது கொடுத்துட்டு நிம்மதியா இருந்துக்கறேன்."

சாமி கையைத் துடைத்துக்கொண்டு அவள் கொண்டுவந்த படங்களை வாங்கினார். ஒவ்வொன்றையும் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றையும் திருப்பி, தாளின் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"பின்னால ஒண்ணுமில்லை, சாமி. வெறும் தாள்தான்."

"ஆமா" என்றார் சாமி.

குடிசைக்குப் பக்கத்தில் பூசணிக்கொடி ஒன்று நாலாப் பக்கமும் படர்ந்து கிடந்தது. சாமி அதைக் காட்டினார்.

"அதுல ஒரு பூவை வரைஞ்சு கொண்டாங்க."

*

லோகநாயகி அக்கரை ஊரில் தோழி வீட்டில் தங்கிக்கொண்டாள். விடிந்ததும் ஆற்றைக் கடந்து வந்துவிடுவாள்.

பூசணிப் பூவுக்குப் பொறுமை கிடையாது. விடியும்போது விரியும். வெயில் ஏறியதும் சுருங்கிக்கொள்ளும். அதற்குள் வரைந்தாக வேண்டும்.

கொடியில் இரண்டு தினுசாகப் பூ இருந்தது. சில நீளக் காம்பில் ஒல்லியாக ஆடின. சில குட்டைக் காம்பில் தாட்டியாக உட்கார்ந்திருந்தன. டம்ளரில் வைத்தால் ஆடாமல் நிற்பது தாட்டியான பூதான். அதைப் பார்த்துப் பார்த்துப் பறித்தாள். டம்ளரில் செருகித் தன்னை நோக்கித் திருப்பிவைத்து வரைந்தாள்.

படத்தை நீட்டினால் சாமி பார்ப்பார். திருப்புவார். வெறும் தாளைப் பார்ப்பார். திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"நல்லாயிருக்கா, சாமி?"

"நாளைக்கு வாங்க, டீச்சர்."

பல நாள் இப்படியே போயிற்று. கை கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. மஞ்சளுக்குள் இருக்கிற ஆரஞ்சு பிடிபட்டது. இதழின் ஓரச் சுருக்கம்கூட வந்துவிட்டது. இதை யாரும் முட்டைக்கோஸ் என்று சொல்ல முடியாது.

சாமி அதையும் திருப்பிப் பார்த்தார்.

லோகநாயகிக்குச் சுர்ரென்று வந்தது. "நான் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவ. தப்புன்னா எங்கே தப்புன்னு சிவப்பு மையால சுழிச்சுக் காட்டுவேன். நீங்க காட்டவும் மாட்டேங்கறீங்க, சொல்லவும் மாட்டேங்கறீங்க."

"சாப்பிட்டுப் போங்க" என்றார் சாமி.

சோறும் மிளகு ரசமும் இருந்தன. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. நேற்றும் இல்லை. கோபத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

*

போதும் என்று தோன்றிவிட்டது. படங்களைக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடிப்பது என்று முடிவு செய்தாள்.

குழி குடிசைக்குப் பின்னால் இருந்தது. வரைந்து முடித்த பூக்களை அவள் தினமும் டம்ளர்த் தண்ணீரோடு சேர்த்து அங்கேதான் வீசுவாள். வீசிவிட்டு எட்டிப் பார்த்ததில்லை.

இன்று பார்த்தாள்.

இதழ்கள் மக்கிப் போயிருந்தன. அவை இருந்த இடத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் கிடந்தன. சில பச்சை. சில வெளிறி மஞ்சள் தட்டிப் போனவை.

'இதென்ன, நாம் போடாதது?'

படக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். கோலிக்குண்டு அளவு. மேலே பூனைமயிர் போல ரோமம். உச்சியில் காய்ந்த இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கீறிப் பிளந்தாள். உள்ளே வெள்ளையாக, வரிசை பிசகாமல், விதையாகப் போகிறவை இருந்தன.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கொடியிடம் ஓடினாள். இலை இலையாக விலக்கினாள். சுணை பட்டுக் கையெல்லாம் அரித்தது. எங்கே பார்த்தாலும் அவள் கிள்ளிய குட்டைக் காம்புகளின் மொட்டை முனைதான். அத்தனை பெரிய கொடியில் ஒரு காய் இல்லை.

தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாத தட்டு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

முந்தானையில் அந்த உருண்டைகளைக் கட்டிக்கொண்டு போய்ச் சாமியின் முன்னால் கொட்டினாள்.

"எல்லாம் பூசணிப் பிஞ்சு. பூவுக்கு அடியிலேயே இருந்திருக்கு. நான்தான் பறிச்சேன். உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சாமி! உங்க சாப்பாட்டையில்ல நான் பிடுங்கிப் போட்டிருக்கேன்!"

"போன வருஷம் முழுக்கப் பூசணிக்காய்தான்" என்றார் சாமி. "எனக்கும் அலுத்துப் போச்சு, டீச்சர்."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சாமி ஒரு பிஞ்சைக் கையிலெடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த ரோமமெல்லாம் அப்புறம் எங்கே போகுது?" என்று கேட்டாள் திடீரென்று. "பெரிய காய்ல இருக்காதே?"

சாமி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் வந்த நாளிலிருந்து இப்படிப் பார்த்ததில்லை.

"தெரியலையே" என்றார்.

மத்தியான பஸ் போய்விட்டது.

*

மறுநாள் அவள் டம்ளரை எடுக்கவில்லை. கொடியோரம் குந்தி இலைகளை மெல்லத் தூக்கித் தேடினாள். உள்ளே, வேலியில் ஒரு முழம் ஏறிய கிளையில், தாட்டியான பூ ஒன்று அப்போதுதான் விரிந்திருந்தது. அவள் கண்ணில் படாமல் தப்பித்த மொட்டு.

அடிப்பக்கம் பார்க்கவேண்டும். குனிந்தாள், தெரியவில்லை. மண்டியிட்டாள், முட்டிதான் வலித்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கடைசியில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஈர மண்ணில் மல்லாந்து படுத்து, கொடிக்கடியில் தலையை நுழைத்தாள்.

வெளிச்சம் இதழ்களுக்குள் நுழைந்து கீழே கசிந்தது. இதழின் முதுகில் பச்சை நரம்பு ஓடியது. அடியில் பிஞ்சு. பூவும் பிஞ்சும் சேருமிடத்தைச் சின்னப் பச்சை விரல்கள் பிடித்துக்கொண்டிருந்தன.

தாளை மார்பின்மேல் வைத்து வரையத் தொடங்கினாள். கோடு கோணலாகப் போயிற்று. அழிக்கவில்லை. ஒரு விரலை வரைந்துவிட்டு அடுத்த விரல் எப்படி வளைகிறது என்று பார்த்தாள். அது வேறு மாதிரி வளைந்திருந்தது.

அப்போது ஒரு தேனீ வந்து பூவுக்குள் இறங்கியது.

இங்கிருந்து அதன் நிழல் மட்டும் தெரிந்தது. மஞ்சள் திரைக்குப் பின்னால் நிழல் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பூ லேசாக அதிர்ந்தது. அதிர்வு பிஞ்சு வரைக்கும் வந்தது.

பென்சில் கையிலிருந்து நழுவியது அவளுக்குத் தெரியாது.

வெயில் ஏறியது. இதழ்களின் ஓரம் மெல்ல உள்ளே மடியத் தொடங்கியது. தேனீ இன்னும் வெளியே வரவில்லை.

கொடிக்கு வெளியே காலடி கேட்டது.

"வரைஞ்சாச்சா, டீச்சர்?"

"உஷ்!" என்றாள் லோகநாயகி. வகுப்பையே அடக்கிய அதே குரல். "பேசாதீங்க. பூ மூடப் போகுது. அது இன்னும் உள்ளேதான் இருக்கு."

"எது?"

"படுத்துப் பாருங்க, தெரியும்."

ஆவுடைச் சாமி தோள்துண்டை எடுத்து வேலியில் போட்டார். சேற்றில் மல்லாந்து படுத்து, அவளுக்குப் பக்கத்தில் தலையை நுழைத்தார்.

"எங்கே?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்று அவள் இலையை விலக்கிப் பிடித்தாள்.