வலையைப் பண்ணினவர் துண்டு துண்டா வந்த கதை

மாந்தோப்பூர்னு ஒரு ராஜ்ஜியம். வில்லவராயர்னு ஒரு ராஜா. அந்த ஊர்ல இன்டர்நெட் இருந்துச்சு. ராஜா காலத்துல ஏது இன்டர்நெட்டுன்னு கேக்கக் கூடாது. யானை கட்டி ஆண்டார்னா நம்புறீங்கல்ல, இதையும் நம்புங்க.

ராஜாவுக்குக் கண்ணு முழிச்சதும் ஃபோன் வேணும். பல்லு வெளக்குறதெல்லாம் அப்புறந்தான். ராணி ஒருநாள் கோவத்துல அந்த ஃபோனைத் தூக்கி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சுட்டா. அது உள்ள இருந்தே பாட்டுப் பாடுச்சு. பானையில பேயின்னு சமையக்காரன் ஓடியே போயிட்டான். அன்னைக்கு அரண்மனையே பட்டினி. சரி, அது கெடக்கட்டும்.

ராஜாவுக்கு ஒருநாள் திடீர்னு தோணுச்சு. "இந்த இன்டர்நெட் வலையை யாருய்யா பண்ணினது? அவருக்கு ஒரு சால்வை போத்தணுமே!"

மந்திரி தாண்டவராயர் டக்குனு எந்திரிச்சார். "அடியேன்தான் மகாராஜா."

இந்த மந்திரி இருக்காரே, கல்யாண வீட்டுக்குப் போனா மாப்பிள்ளை மாலையையே வாங்கிப் போட்டுக்குவார். ஒரு தடவை மணவறையிலயே உக்காந்துட்டார். கையில தாலியைக் குடுத்த பொறவுதான் பதறி எந்திரிச்சார். அப்பேர்ப்பட்ட ஆளு.

சபையில வடிவாம்பான்னு ஒருத்தி. ராஜாவுக்கு யோசனை சொல்ற உத்தியோகம். வாய் ஓயாது. அவ கிளுக்குனு சிரிச்சுட்டா.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல மந்திரியாரே. நேத்து நீங்க ஃபோனைத் தலைகீழாப் பிடிச்சுப் பேசிட்டு இருந்தீங்க. அது ஞாபகம் வந்துச்சு."

மந்திரி மூஞ்சி மொளகாப்பழமாட்டம் செவந்துபோச்சு. "அப்ப பண்ணினவரை நீயே கூட்டிட்டு வா! நாளைக்கு உச்சிப்பொழுதுக்குள்ள வரணும். ஒரே ஆளா வரணும், இருக்கறது ஒரே சால்வை. வரலைன்னா சால்வை எனக்கு. நீ இந்தச் சபையில இனிமே வாயே தொறக்கக் கூடாது!"

ராஜாவும் சரின்னுட்டார்.

பேசாம இருக்கறதா! வடிவாம்பாவுக்கு அதுக்குப் பதிலாத் தலையையே எடுத்திருக்கலாம். அன்னைக்கே வண்டி கட்டிட்டுப் போனா, ஊர் ஊரா விசாரிச்சா.

மறுநாள் சபை கூடுச்சு. முன்வாசல் வழியா செல்லக்கிளின்னு ஒரு அம்மா வந்தா. பெரிய சேதியைச் சின்னச் சின்னதா உடைச்சு அனுப்பலாம்னு மொதல்ல யோசிச்சவ.

அடுத்தது சவரிமுத்து. கடலுக்கடியில கம்பி போட்டவர். மேலெல்லாம் கடல் வாசனை. மீன்காரர்னு நெனச்சு காவக்காரன் அடுப்படி வழியா அனுப்பிட்டான். அங்க வஞ்சிரம் என்ன விலைன்னு வேற கேட்டிருக்காங்க.

யானை வாசல் வழியா மைமூன் வந்தா. வலையில இருக்கற ஒவ்வொரு எடத்துக்கும் வாயில நொழையற மாதிரி பேரு வச்சவ. கடைசியா மூச்சு வாங்க தோட்டத்து வழியா திருமலை வந்தார். எந்தச் சேதி எந்தப் பக்கம் திரும்பணும்னு வழி வகுத்தவர். அவரே வழி தவறிட்டார்.

மந்திரி கையைத் தட்டிச் சிரிச்சார். "என்ன வடிவாம்பா, ஒருத்தரைக் கூட்டிட்டு வரச் சொன்னா பந்திக்கு ஆள் கூட்டிட்டு வந்திருக்கே? தோத்துட்டே, வாயை மூடு!"

"மூடுறேன் மந்திரியாரே. மகாராஜா, நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க ஃபோனுக்கு ஒரு போட்டோ வருதே, அது ஒரே கட்டியாவா வருது?"

"இல்லையே. உடைஞ்சு உடைஞ்சு வந்து சேருதுன்னு முன்ன ஒருநாள் நீதான சொன்னே?"

"ஆமா. ஒவ்வொரு துண்டும் கெடைச்ச வழியில வருது. ஒண்ணு முந்தி, ஒண்ணு பிந்தி. இங்க வந்து ஒண்ணு சேந்தா ஒரே போட்டோ. வலையைப் பண்ணினவரும் அந்த மாதிரிதான் வந்திருக்கார். வேற வேற வாசல்ல, துண்டு துண்டா. எண்ணிப் பாக்காதீங்க மகாராஜா, சேத்துப் பாருங்க. ஒரே ஆளுதான்!"

"அட!"ன்னார் ராஜா.

"ஏமாத்து வேலை!" மந்திரி குதிச்சார். "நான் முழுசா நிக்கிறேன். ஒரே ஆளா நிக்கிறேன். சால்வை எனக்குத்தான்!"

"அதான் எனக்கும் சந்தேகம்," வடிவாம்பா விடலை. " வலைக்காரர்னா துண்டு துண்டால்ல வரணும்? பரவால்ல, நம்மளே சரி பண்ணிக்கலாம். ஏப்பா காவக்கார மாடசாமி, அந்தப் பெரிய வாளை எடுத்துட்டு வா! தலை முன்வாசல் வழியா வரட்டும். கையும் காலும் அடுப்படி வழியா. தொப்பை கொஞ்சம் பெருசு, அதை யானை வாசல் வழியாக் கொண்டு வந்துரு."

மந்திரி ஓடிப் போய்த் தூணைக் கட்டிக்கிட்டார். "ஐயய்யோ! வலையைத் தொறந்து வச்ச அன்னைக்கு நான் ரிப்பன் மட்டுந்தான் வெட்டினேன் மகாராஜா! அதுலயும் பாதியைக் கத்திரிக்கோலு வெட்டலை, பல்லாலதான் கடிச்சேன்!"

ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் கழண்டு உருண்டுச்சு. அவரே எறங்கி வந்தார். செல்லக்கிளி, சவரிமுத்து, மைமூன், திருமலைன்னு பேரு சொல்லிக் கூப்பிட்டார். மழைக்கு ஒதுங்கினாப்பல நாலு பேரையும் நெருக்கி நிக்க வச்சு, ஒரே சால்வையைச் சுத்திப் போத்தினார்.

"வடிவாம்பா, உனக்கு என்ன வேணும்?"

"வேற என்ன மகாராஜா? தினமும் என்னைப் பேச விட்டாப் போதும்."

ராஜா சிரிப்பை நிறுத்திட்டார். "ஏம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு. பாதி ராஜ்ஜியம் வேணும்னாலும் தர்றேனே?"