மாந்தளிர்ப் பதக்கம்

மருதங்காட்டு அரசர் இளங்குமரனுக்கு வயது எழுபது. பேரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பேர் வைத்த அன்றைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அவர் அதை இன்னும் நம்பிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

நம்பவைத்த புண்ணியவான் மாதவராயர், அரண்மனை நகைக் கருவூலத்தின் தலைவர். தினமும் சபை கூடியதும் எழுந்து, "மன்னரின் கன்னம் மாந்தளிர்! இரண்டுக்கும் அணுவளவும் வித்தியாசம் இல்லை!" என்று முழங்குவார். சபை முழுக்கத் தலையாட்டும். அரசர் கன்னத்தைத் தடவிக்கொள்வார். பிறகுதான் மற்ற காரியம். ஊரில் பஞ்சம் வந்த வருஷம்கூட முதலில் கன்னத்தைப் பேசி முடித்துவிட்டுத்தான் சோற்றைப் பற்றிப் பேசினார்கள்.

அந்த ஊருக்குக் காளத்தி என்று ஒரு வெள்ளிப் பத்தர் வந்து பட்டறை போட்டார். வேப்பம்பட்டையின் சொரசொரப்போடு ஒரு காப்பு, தாழை மடலின் வரிகளோடு ஒரு மோதிரம் என்று செய்து ராணிக்குக் கொண்டுவந்தார். ராணி தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதுவரை போட்டிருந்த வழுவழு நகைகளைக் கழற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டாள். அவையெல்லாம் மாதவராயரின் மைத்துனர் செய்தவை. ராயருக்கு வயிறு எரிந்தது.

"எப்படி ஐயா இவ்வளவு அச்சாக வருகிறது?" என்று ராணி சபையிலேயே கேட்டாள்.

"பெரிய வித்தை ஒன்றுமில்லை அம்மா. இலையோ பட்டையோ, அதை வண்டல் மண்ணில் பொதிந்து சூளையில் வைப்பேன். உள்ளே இருப்பது சாம்பலாகும். அதன் ரேகை மட்டும் மண்ணில் நிற்கும். அதில் வெள்ளியை ஊற்றுவேன். ஒரு கோடு கூட்ட மாட்டேன், ஒரு கோடு குறைக்க மாட்டேன். இருக்கிறது இருக்கிறபடி!"

ராயர் துள்ளி எழுந்தார்.

"மன்னா! கேவலம் வேப்பம்பட்டைக்கு இந்தப் பெருமையா? தங்கள் கன்னத்தை அப்படியே பதக்கமாக வார்த்துத் தரட்டும். ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும் இவர் வலது கையை வெட்டுங்கள்!"

அரசருக்கு வாயெல்லாம் பல். "பேஷ்! ஏழு நாள் தந்தேன்" என்றார்.

காளத்தி சபையை விட்டு வெளியே வந்தார். நேராக வெண்காடனிடம் ஓடினார். வெண்காடன் அரசருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறவன். அரசருக்குப் பக்கத்திலேயே நிற்பவன், வாய்த்துடுக்கு அதிகம்.

"தம்பி, நீதான் காப்பாற்றணும். சுருக்கத்தோடு வார்த்தால் மன்னரைக் கிழவர் என்று சொன்னதாகக் கை போகும். சுருக்கம் இல்லாமல் வார்த்தால் பொய் சொன்னதாகக் கை போகும். இந்தக் கை போனால் எனக்கு என்ன மிச்சம்?" என்று அழுதேவிட்டார்.

"அழாதீரும். பட்டை மாதிரியே மன்னரையும் மண்ணில் பொதிந்து சூளையில் வைக்கணுமா?"

"சிவ சிவா! என்ன பேச்சு இது?"

"உம்ம தொழில்முறையைத்தானே கேட்டேன்" என்று சிரித்தான் வெண்காடன்.

மறுநாள் ராயர் மாந்தளிரை முழங்கி முடித்ததும் வெண்காடன் கைகட்டி நின்றான்.

"மன்னா, பதக்கத்துக்காகத் தங்கள் முகத்தில் மண் பூசிச் சூளையில் வைக்க வேண்டுமாம். எந்த நாள் தோதுப்படும்?"

அரசர் ஆசனத்தை விட்டே எழுந்துவிட்டார். "அடேய்! வேறு வழி கிடையாதா?"

"உண்டு மன்னா. தங்கள் கன்னத்துக்கும் அதற்கும் அணுவளவும் வித்தியாசம் இல்லாத பொருள் ஒன்று கிடைத்தால் அதை வைத்துக்கொள்ளலாமாம். ராயரே, அப்படி ஏதாவது உண்டா?"

சபையே ராயரைப் பார்த்தது. இப்போதுதானே முழங்கி வாயை மூடியிருந்தார்! "மாந்தளிர்தான்" என்றார்.

"சத்தியமாகவா?"

"சத்தியமாக!"

ஏழாம் நாள் காளத்தி பதக்கத்தோடு வந்தார். ராயர் அதை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தார். தளிரின் ஒவ்வொரு நரம்பும் வெள்ளியில் எழும்பி நின்றது. பத்தரை மாட்டிவிட்ட ஆனந்தத்தில் மனுஷனுக்குப் போன வாரம் மறந்துபோயிற்று.

"மோசம் மன்னா, மோசம்! முழுக்கக் கோடு! நடுவில் பாருங்கள், எவ்வளவு பெரிய சுருக்கம்! வெட்டுங்கள் கையை!"

"ராயரே, அது மாந்தளிர்" என்றான் வெண்காடன்.

"மாந்தளிராக இருந்தால் என்ன? மாந்தளிருக்கும் மன்னர் கன்னத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

சொன்ன பிறகுதான் ராயருக்கே காதில் விழுந்தது.

"ஓஹோ! சம்பந்தம் இல்லையா?" என்றார் அரசர். "அப்படியானால் இத்தனை வருஷம் என்ன அளந்தீர்? போகட்டும். என் கன்னம் எப்படித்தான் இருக்கிறது? நீரே சொல்லும். ஒரு கோடு கூட்டக் கூடாது, ஒரு கோடு குறைக்கவும் கூடாது. உமக்கும் ஏழு நாள். தவறினால் கை வேண்டாம், நாக்கை எடுத்துக்கொள்கிறேன்."

ராயர் அரசரின் கன்னத்தைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

காளத்திக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்கள். அவர் இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டு, தேம்பிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சபை கூடியது. முழங்க ஆளில்லை.

"ராயர் எங்கேயடா?" என்றார் அரசர்.

"விடிந்ததும் காசிக்குக் கிளம்பிவிட்டார் மன்னா" என்றான் வெண்காடன்.

"இப்போது என்ன காசி?"

"தங்கள் கன்னத்துக்கு இந்த ஊரில் உவமை கிடைக்கவில்லையாம். தேடிப் போயிருக்கிறார்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த சிரிப்பில் கன்னத்தில் புதிதாக நாலு கோடு விழுந்தது. சபையில் அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன்.