துத்தநாக இருக்கை

பவளம் கல் இல்லை, உயிர் என்றால் ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், யாருக்கு நஷ்டம்?

மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். குரு, டாக்டர் மெஹ்ருன்னிசா. சீடர் ராயப்பன் அவரைவிட மூத்தவர். வாத்தியார் வேலையை விட்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வந்த மனுஷன்.

அன்று காலை ராயப்பனுக்கு மண்டைக் குடைச்சல். கரியமில வாயுவைப் பவளம் கூடு கட்டத் தோதாக மாற்றித் தருவது ஒரு நொதி. மீன்தூள் ஆலைக் கழிவில் இருக்கிற கந்தக அயனியை அதில் கொஞ்சம் விட்டார். நொதி முடங்கிவிட்டது.

"மேடம், யானை முன்னால கொசு மாதிரி இருக்கு அந்த அயனி. எப்படி நிறுத்துது?"

"நொதிக்கு நடுவுல ஒரே ஒரு துத்தநாகம் சார். வேலை அங்கதான் நடக்குது. மிச்சத்தைக் கூட்டத்துல பாருங்க."

ஆலையின் கழிவுக் குழாயைக் கடலுக்குள் இறக்க அன்று அனுமதிக் கூட்டம். 'பவளத்துக்குப் பாதிப்பில்லை' என்று ஆய்வுக்கூடத்தார் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அதற்கென்று மேசை முனையில் ஒரே ஒரு நாற்காலி; அதில் உட்கார்ந்தவர்தான் போட முடியும். மெஹ்ருன்னிசா போய் உட்கார்ந்தார். பேனாவைத் தொடவில்லை.

"போடுங்க மேடம்" என்றார் ஆலை மேனேஜர்.

"மாட்டேன்."

"அப்ப எழுந்திருங்க. ராயப்பன் சார் போடட்டும். அவருக்குப் பட்டம் வேணும்ல?"

"எழுந்திருக்கவும் மாட்டேன்."

அம்மாடி, என்ன நெஞ்சழுத்தம்! மேனேஜர் தொண்டை வற்றக் கத்தினார். அதிகாரிகள் டீ குடித்தார்கள், வாட்சைப் பார்த்தார்கள், ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மேனேஜர் மட்டும் நின்றார்.

"நாளைக்கும் கூட்டம் உண்டு. நீங்க இந்த ஊர்ல இருக்க மாட்டீங்க. மாற்றல் ஆர்டர் வருது."

"வரட்டும்" என்றார் மெஹ்ருன்னிசா. மேனேஜர் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

மூலையில் நின்றிருந்த ராயப்பன் மேசைப் பக்கம் வந்தார்.

"புரிஞ்சுது மேடம். அயனி சண்டை போடல. துத்தநாகத்து மேல போய் உக்காந்துக்குது, அவ்வளவுதான். ஆனா உங்களை மாத்திட்டா? என் பட்டம் அந்த அதிகாரிங்க கையில. எனக்குப் பயமா இருக்கு."

மெஹ்ருன்னிசா எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டார்.

"ஒண்ணு எழுந்தா அந்த இடத்துல இன்னொண்ணு உக்காருது சார். அதனாலதான் நொதி நிக்குது. உக்காருங்க."