ஒரு தலைக்குள் அடைத்த செய்தி

ஏழு ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்த ஒரு நாட்டை, ஒரு காலத்திலே, அதிரவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவருக்குச் சட்டம்.

ஒருநாள் பிரதானி நஞ்சுண்டர் ஓதினார்: "மகாராஜா, கண்டவனும் கண்டவனிடம் பேசுவதால்தான் காரியம் கெடுகிறது. அவரவருக்குத் தெரிந்ததை என் ஒருவனிடம் மட்டும் சொல்லட்டும். யாருக்கு எது வேண்டுமோ, நான் சொல்லிக்கொள்கிறேன்."

ராஜாவும் முத்திரை போட்டுவிட்டார்.

அந்த ஐப்பசியில் மேலேரி நிரம்பி வழிந்தது. முன்பெல்லாம் மேலேரிக் காவல்காரன் ஓடிவந்து சொல்வான். கீழேரிக்காரன் மதகைத் திறப்பான். இப்போதுதான் நேரே பேசக் கூடாதே! கீழேரிக் கரை உடைந்து நூறு வீடு போனது. பழியோ, கீழேரி மதகு காத்த மாடக்கண்ணு தலையில் விழுந்தது. பதினோரு நாள் சிறை. மறுநாள் அந்தியில் நாடு கடத்தல் என்று தீர்ப்பு.

அவன் தங்கை பூவாயி அரண்மனைச் சமையல்காரி. பதினோராம் நாள், கையில் பிடித்த கரண்டியோடு சபைக்கே போய் நின்றாள்.

"யாரும் சொல்லாத செய்தி என் அண்ணனுக்கு எப்படித் தெரியும் மகாராஜா? குற்றம் அவர்மேல் இல்லை, இந்தச் சட்டத்தின்மேல்!"

"அடுப்படிக்காரிக்கு அரசாட்சி என்ன தெரியும்?" என்று சிரித்தார் நஞ்சுண்டர்.

"அடுப்படி தெரியும் ஐயா. நாளை மதியம் அங்கேயும் உங்கள் சட்டம் நடக்கட்டும். மகாராஜாவுக்கு வேளைக்குச் சோறு வந்தால், அண்ணனோடு நானும் நாட்டைவிட்டுப் போகிறேன். வராவிட்டால் அண்ணனை விட்டுவிடுங்கள்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும். சரி என்றார்.

மறுநாள் மதியம் இலைமுன் உட்கார்ந்தார். சமையல்கட்டில் ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை.

"பிரதானியாரே, உலை கொதிக்கிறது! அரிசி களைகிறவளிடம் சொல்லுங்கள்!"

"பிரதானியாரே, பருப்பு வெந்தது! புளி கரைக்கிறவனிடம் சொல்லுங்கள்!"

"பிரதானியாரே, வாழைக்காய் தீய்கிறது!"

பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார் நஞ்சுண்டர். புளிக்காரனிடம் உலையைச் சொன்னார்; அரிசிக்காரியிடம் வாழைக்காயைச் சொன்னார். தீய்ந்த நெடி வந்தது, சோறு வரவில்லை.

"என்னய்யா நடக்கிறது அங்கே?" என்று பசியில் கத்தினார் ராஜா.

"ஒரு தலையில் எத்தனையைத்தான் வைத்துக்கொள்வது மகாராஜா!" என்று ஓடிவந்தார் நஞ்சுண்டர்.

பின்னாலேயே வந்த பூவாயி விடவில்லை. "மேலேரி வழிந்த செய்தியும் அந்தத் தலைக்குள்தானே கிடந்தது? எவ்வளவு நேரம் ஐயா?"

நஞ்சுண்டர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "காலையிலேயே வந்தது... சபை கூடியதும் மகாராஜாவிடம் நானே முதலில் சொல்லலாம் என்று..."

"நீங்கள் நல்ல பேர் வாங்க நூறு வீடு போச்சே!"

ராஜாவின் தலை தாழ்ந்தது. முத்திரை அவருடையதாயிற்றே. அங்கேயே புதுச் சட்டம் சொன்னார்: ஏரிக்காரர்கள் நேருக்கு நேர் சொல்லிக்கொள்ள வேண்டும். எந்தத் துறைக்கு எது தெரிந்தாலும் எழுதிச் சாவடியில் தொங்கவிட வேண்டும், யாரும் படிக்கலாம். நஞ்சுண்டருக்கு உடைந்த கரையில் மண் சுமக்கும் வேலை.

மாடக்கண்ணுவைச் சிறையிலிருந்து விடுவித்துக் கூட்டி வந்தார்கள். அதற்குள் சமையல்கட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது, புதுச்சோறும் வந்தது.

"இப்போதாவது பரிமாறு அம்மா" என்றார் ராஜா.

"முதல் சோறு என் அண்ணனுக்கு. பதினோரு நாள் சிறைக் கூழ் குடித்தவர். நீங்கள் ஒரு வேளைதானே காத்திருந்தீர்கள்?"

ராஜா எழுந்து, தம் இலையைக் காட்டி, "உட்காரப்பா" என்றார்.