வேர்த்து வழியும் கண்ணாடி

கிரிக்கெட் மைதானத்தில் விஐபி அறையின் வெளிக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள் செவ்வந்தி. மேனேஜர் தாமோதரன் விறுவிறுவென்று வந்தார்.

"கரண்டு எக்கச்சக்கமா போகுது. துப்புரவு ஆளுங்க ரூம் ஃபேனை இன்னைக்கே கழட்டச் சொல்லிட்டேன்."

அந்த ஒற்றை ஃபேனுக்குக் கீழேதான் அவள் கைக்குழந்தை தூங்கியது. தலைகுனிந்தபடியே சொன்னாள்: "சரிங்க சார். ஒண்ணுதான் புரியல. மேட்ச் முடிஞ்சு பத்து நாளாச்சு. இந்தக் கண்ணாடி இன்னும் வேர்த்து வழியுது. துடைக்கத் துடைக்கத் தண்ணி."

மேனேஜர் தொட்டுப் பார்த்தார். ஐஸாகச் சில்லிட்டது. பூட்டிய அறைக்குள் ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

"இதை அணைக்காம விட்டது யாரு?"

"தெரியலைங்க சார். சாவி உங்க இடுப்புலதான் தொங்குது."

அவர் சாவியையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்து விழித்தார். "ஃபேன் ஓடட்டும்" என்று முனகினார்.

"சரிங்க சார். அப்ப பத்து நாளா உள்ள யாருக்கு அவ்வளவு புழுக்கம்..."

"செவ்வந்தி, புள்ள முழிச்சிட்டான்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அவள் துணியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே ஓடினாள்.