மூன்றாம் நாள் மாவு

காந்திபுரத்தில் ஒரு டயர்க் கடையின் மாடியில் மங்கையர்க்கரசி விளம்பரம் எழுதக் கற்றுக்கொடுத்தார். நாற்பது வயதுதான் இருக்கும். படிக்க வந்த பிள்ளைகள் நேரில் மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் குரு என்பார்கள். அது கேலியாகத் தொடங்கியதுதான். நாளாக ஆகக் கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எட்டுப் பேரைச் சேர்ப்பார். ஒரு மாதம் கழித்து ஊரிலுள்ள கடைக்காரர்களையும் கம்பெனிக்காரர்களையும் வரச் சொல்லி, எட்டுப் பேரும் ஒவ்வொருவராக எழுந்து தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பார். வந்தவர்களில் ஒருவராவது ‘இந்தப் பிள்ளை எங்களுக்கு எழுதட்டும்’ என்று கேட்டால் அந்தப் பிள்ளை மேற்கொண்டு படிக்கலாம். யாரும் கேட்காத பிள்ளை காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அந்த முறை சேர்ந்த எட்டுப் பேரில் ஒருத்தியான கோகிலவாணிக்கு அந்த ஒரு மாதத்தை விட்டால் வேறு வழி இல்லை. அவள் அப்பா கத்துகிறவர் அல்ல. அங்கே யாரும் உன்னைக் கேட்காவிட்டால் பேங்க் பரீட்சைக்குப் படிக்க வேண்டும், அதன்பின் இந்தப் பேச்சே கூடாது என்று சாந்தமாகச் சொன்னார். சாந்தமாகச் சொன்னால் மாற்ற மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா மருதமலை முருகனிடம் வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டினாய் என்று கேட்டதற்கு, உனக்கு எது நல்லதோ அதை என்றாள். கோகிலாவுக்கு அது போதவில்லை. எனக்கு எது வேணுமோ அதைக் கேளும்மா என்று அம்மாவை மறுபடி பூஜை மாடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

முதல் நாள் எல்லாரும் தங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். யார், என்ன ஆசை, என்ன படைக்கப் போகிறோம் என்று. கோகிலா பதினொரு முறை திருத்தி எழுதியிருந்தாள்.

‘நான் கோகிலவாணி. கற்பனையின் சிறகுகளில் பறப்பவள். பழையதை உடைத்துப் புதியதைப் படைக்க வந்தவள். ஒரு நாள் உலகமே என் விளம்பரத்தைத் திரும்பிப் பார்க்கும்.’

மங்கையர்க்கரசி அதைப் பொறுமையாகப் படித்தார். பேனாவைத் திறந்தார். கோகிலவாணி என்ற பெயரை மட்டும் அடித்துவிட்டு, மேலே ரிஸ்வான் என்று எழுதி, பக்கத்து நாற்காலியில் இருந்த ரிஸ்வானிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்.

அவன் எழுந்து, பறப்பவளைப் பறப்பவனாக்கி, வந்தவளை வந்தவனாக்கி, குரல் நடுங்காமல் வாசித்து முடித்தான்.

“உனக்குப் பொருந்துதா?”

“அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குங்க மேடம்.”

எல்லாரும் சிரித்தார்கள். கோகிலாவும் சிரித்து வைத்தாள். வீட்டுக்குப் போய் அழுதாள்.

மறுநாள் வேறொன்று எழுதிக்கொண்டு போனாள். மண்ணில் வேர் விட்டவள், நீளமான கனவுகளை வளர்ப்பவள் என்று இருந்தது. மங்கையர்க்கரசி பெயரை அடித்து, ஒரு கூந்தல் தைலத்தின் பெயரை எழுதித் திருப்பிக் கொடுத்தார். படித்துப் பார்த்தால், அவளைவிடத் தைலத்துக்குத்தான் இன்னும் நன்றாகப் பொருந்தியது. அதற்கு மறுநாள் அலங்காரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, படித்த கல்லூரி, வாங்கிய மார்க், பேச்சுப் போட்டிப் பரிசு என்று உள்ளதை உள்ளபடி எழுதிப் போனாள். இந்த முறை பேனாவே திறக்கவில்லை. இது ரேஷன் கார்டுக்கு ஆகும் என்றார்.

அன்றைக்கு எல்லாரும் கீழே இறங்கிப் போன பிறகு கோகிலா அவர் மேஜை முன்னால் நின்றாள்.

“அப்படீன்னா நான் யாருன்னு எப்படித்தான் மேடம் சொல்றது?”

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு அம்மாள் ஏறி வந்தார். பெயர் தங்கமணி. இரண்டு தெரு தள்ளி இட்லி மாவு அரைத்து விற்கிறவர். எதிரிலேயே புதிதாக ஒரு மாவுக் கடை வந்துவிட்டது, நமக்கும் ஒரு போர்டு எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்க வந்திருந்தார்.

“உன்னைப் பத்தி அப்புறம் பாக்கலாம். இவங்க யாருன்னு சொல்லு” என்றார் மங்கையர்க்கரசி.

கோகிலாவுக்கு முகம் விழுந்துவிட்டது. எழுதிப் பழக ரிஸ்வானுக்கு ஜவுளிக் கடை கொடுத்திருந்தார். இன்னொருத்திக்கு ஸ்கேன் சென்டர். தனக்கு மாவு. வெளியே அனுப்புவதற்கு இது மரியாதையான வழி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அந்த அம்மாள் பின்னால் போனாள்.

கடையில் உட்கார்ந்த உடனே எழுத ஆரம்பித்தாள். ‘சுத்தமும் சுவையும்’ என்று எழுதி நிறுத்தினாள். எதிர்க்கடையில் அதே இரண்டு சொல் சிவப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. தாளைக் கிழித்தாள். எழுதுவதை விட்டுவிட்டு, நாலு நாள் காலையில் வந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். தங்கமணி அளந்து ஊற்றுவதையும், வருகிறவர்களிடம் வீட்டு விசேஷம் கேட்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா எழுதுனே என்று அந்த அம்மாளும் கேட்கவில்லை. இரண்டு இட்லி வைத்துக் கொடுப்பார், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள், கைக்குழந்தையோடு ஒரு பெண் அவசரமாக வந்து மாவு கேட்டாள். இன்றைக்கு அரைத்தது தீர்ந்துபோயிருந்தது. நேற்று அரைத்ததும் இல்லை. மூலையில் ஒரு தூக்கு நிறைய மாவு இருந்தது. அதைக் கொடுங்களேன் என்றாள் அவள்.

“அது முந்தாநேத்து அரைச்சது கண்ணு. பிள்ளைக்கு வயித்துக்கு ஆகாது. எதிர்த்தாப்பல வாங்கிக்க.”

அந்தப் பெண் எதிர்க்கடைக்குப் போனாள். கோகிலா எழுந்துவிட்டாள். வந்தவளை நீங்களே அங்கே அனுப்புகிறீர்களே, இதை அப்புறம் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

“கறிவேப்பிலை மரத்துக்கு ஊத்தீருவேன். தண்ணி கலந்து.”

கோகிலா கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். கறிவேப்பிலை செடியாகத்தான் இருக்கும் என்று நினைத்தவள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. தகரக் கூரைக்கு மேலே ஓர் ஆள் உயரம் எழும்பி, கடை முழுவதற்கும் நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது.

தாளை அங்கேயே சுவரில் வைத்து எழுதினாள். எழுத ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

‘இன்று அரைத்தது இட்லிக்கு.
நேற்று அரைத்தது தோசைக்கு.
முந்தாநாள் அரைத்தது எங்கள் கறிவேப்பிலை மரத்துக்கு.’

மங்கையர்க்கரசி அதை வாங்கிப் படித்தார். பழக்கத்தில் பேனாவைத் திறந்தார். கொஞ்ச நேரம் திறந்த பேனாவோடு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, போர்டு எழுதக் கொடு என்றார். கோகிலா இன்னும் நன்றாக எழுதியிருக்கலாமோ என்று எண்ணிக்கொண்டே போனாள்.

போர்டு மாட்டிய மறுநாள் நாலு பேர் நின்று படித்துச் சிரித்தார்கள். அந்த வாரக் கடைசியில் தூக்குவாளி வரிசை தெருமுனை வரைக்கும் போயிற்று. மாவு வாங்கியவர்கள் பின்னால் போய் மரத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு கொத்துக் கிள்ளிக்கொண்டு போனார்கள்.

எதிர்க்கடைக்காரர் பார்த்தார். அதே மூன்று வரியை அதைவிடப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டிவிட்டார். காலையில் முதல் ஆளாக ஒரு பெரியவர் அங்கே போய், போர்டை நிதானமாகப் படித்தார்.

“மரம் எங்கீங்க?”

கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தொட்டியிலிருந்த துளசியைக் காட்டினார். தெருவே சிரித்தது. மத்தியானத்துக்குள் போர்டு இறங்கிவிட்டது.

அறிமுக நாள் வந்தது. மாடி நிறைய ஆட்கள். கோகிலாவின் அப்பா படிக்கட்டுப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மற்ற பிள்ளைகள் கையில் தாள் வைத்திருந்தார்கள். ரிஸ்வான் கண்ணை மூடி ஒப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கோகிலாவின் கையில் ஒன்றும் இல்லை. மாவுக் கடையே கதியென்று கிடந்ததில், தன்னைப் பற்றி எழுத வேண்டியது அவளுக்கு நினைவுக்கு வந்ததே முந்தின நாள் மாலைதான். உட்கார்ந்து பார்த்தாள். ஒரு வரி கூட நிற்கவில்லை. முருகா, நீயே பார்த்துக்கொள் என்று வந்துவிட்டாள்.

முதலில் அவள் பெயரைத்தான் கூப்பிட்டார்கள்.

எழுந்தாள். தன் பெயரைச் சொன்னாள். அதற்கு மேல் வரவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டாம் வரிசையில் இருந்த ஒருவர் மெல்ல எழுந்தார். தண்ணீர் மோட்டார் கம்பெனி வைத்திருப்பவர். நடுவில் பேசுவதற்கு மன்னிக்க வேண்டும் என்றார்.

“அந்தக் கறிவேப்பிலை மரத்து போர்டு எழுதுனது இங்க யாருங்க?”

ரிஸ்வான் உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் கோகிலாவைக் காட்டினான்.

“இவங்களைத் தேடித்தானுங்க வந்தேன். இருபது வருஷமா ஊரே மோட்டாரைப் பத்திச் சொல்றதைத்தான் நாங்களும் சொல்லிட்டு இருக்கோம். மாவுக் கடை அம்மா சொன்னாங்க, எங்க பட்டறையிலயும் வந்து நாலு நாள் சும்மா உக்காரச் சொல்லுங்க. போதும்.”

அவர் முடிப்பதற்குள் பின்வரிசையில் இருந்து ஒரு பேக்கரிக்காரர், எங்களுக்கும் இவர்தான் வேண்டும் என்றார். விதைக் கடை அம்மாள் ஒருவர் எழுந்து, நான் நேற்றே மேடத்திடம் சொல்லிவிட்டேனே, வரிசையில் எனக்குத்தான் முதலிடம் என்று சண்டைக்கு வந்தார். மாடி முழுக்கச் சிரிப்பும் பேச்சுமாக ஆகிவிட்டது. படிக்கட்டுப் பக்கம் அப்பாவின் கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், எங்க பொண்ணுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கோகிலா மட்டும் தவிப்போடு நின்றாள். கண் நிறைந்து எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. மங்கையர்க்கரசி பக்கம் திரும்பினாள்.

“மேடம், நான் இன்னும் என்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே.”

மங்கையர்க்கரசி பட்டியலில் அடுத்த பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“உக்காரு கோகிலா. உன் அறிமுகம் போர்டு மாட்டுன அன்னைக்கே முடிஞ்சுது.”